அப்பா நிமிர்த்திய கள்ளி

அப்பாவின் வலது கை என் மடியில் விரித்த துண்டின்மேல் மல்லாந்து கிடந்தது. நான் சின்ன இடுக்கியால் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். டார்ச்சை அவரே இடது கையில் பிடித்திருந்தார். பட்டப்பகல்தான். ஆனாலும் சாய்வாக வெளிச்சம் அடித்தால்தான் அந்த முள் கண்ணுக்குத் தெரியும். பூனைமுடி மாதிரி வெளிர்மஞ்சளாக, ரேகைகளுக்குள் படுத்திருக்கும்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் அடிங்கப்பா."

வெளிச்சம் நகர்ந்து என் முழங்காலில் விழுந்தது.

"அங்க இல்ல. கை மேல."

"கை மேலதான அடிக்கறேன்" என்றார்.

அப்போதுதான் அவருடைய பார்வை எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. டார்ச்சோடு சேர்த்து அவர் மணிக்கட்டைப் பிடித்து, சரியான இடத்துக்குத் திருப்பி வைத்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஏழு வருஷம் பேச்சில்லாமல் இருந்த மனிதரின் இரண்டு கைகளும் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என் பொறுப்பில் இருந்தன.

சாத்திய கதவு

மருந்துக்கடை வேலையைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியபோது, "உங்கள் வீட்டு மனிதர்கள் யாரையுமே காணோமே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவர் கேட்டது நியாயம்தான். எழுதத் தயக்கமாக இருந்ததால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அப்பா ராயபுரத்தில் ரயில்வேயில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டிகளுக்கு பிரேக் பார்க்கிற வேலை. கொதிக்கிற டீ கிளாஸை விளிம்பில் பிடிக்காமல் முழுக் கையாலும் பிடிப்பார். சுடாது. அந்தத் தோல் அப்படி.

நான் பார்மசி இரண்டாம் வருஷம் படிக்கும்போது அம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் சமைப்பேன். அவர் பாத்திரம் தேய்ப்பார். சனிக்கிழமை இரவானால் ஞாயிறு பூசைக்குத் தன் வெள்ளைச் சட்டையையும் என் சுடிதாரையும் இஸ்திரி போட்டு வைப்பார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. எனக்கும் அது குறையாகத் தெரிந்ததில்லை.

வேலைக்குப் போன இரண்டாவது வருஷம் கடைக்கு ஒருவர் விரலை வெட்டிக்கொண்டு வந்தார். பெயர் செல்வம். காசிமேட்டில் லாஞ்சு என்கிற பெரிய மீன்பிடிப் படகுகளுக்கும் சின்னப் படகுகளுக்கும் இன்ஜின் பார்க்கிற மெக்கானிக். சொந்த ஊர் எண்ணூர் நெட்டுக்குப்பம். கட்டுப் போட்டு அனுப்பினேன். காயம் ஆறிய பிறகும் வந்துகொண்டிருந்தார். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. "கோயில்ல நடக்காத கண்ணாலத்துக்கு நான் வரமாட்டேன்" என்றார். கோயில் என்றால் எங்கள் வீட்டில் மாதா கோயில். செல்வத்தின் வீட்டாருக்கோ கடற்கரையில் கங்கையம்மன். இரண்டு பக்கமும் வேண்டாம் என்று பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம்.

இரண்டு நாள் கழித்து ஸ்வீட் பாக்கெட்டோடு ராயபுரம் போனேன். அப்பா கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு சாத்தினார். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ஸ்வீட் பாக்கெட்டை வாசற்படியில் வைப்பதா, எடுத்துப்போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

ரோஜா நிற்காத மாடி

திருவொற்றியூரில் எங்களுக்குக் கிடைத்தது மொட்டைமாடியோடு சேர்ந்த ஒற்றை அறையும் சமையலறையும். கடல் இரண்டு தெரு தள்ளி. மாடிச் சுவரில் சாய்ந்தால் அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய கருங்கல் வரிசையும் அதற்குப் பின்னால் ஒரு கை அகலத்துக்குக் கடலும் தெரியும். துணி காயப்போடும் முன்னால் கொடிக்கயிற்றை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைத்த துணியைப் பிழிந்தால், காற்றோடு வரும் நிலக்கரித் தூளால் கறுப்புத் தண்ணீர் வரும்.

அந்த மாடியில் ரோஜா வைத்தேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மல்லி வைத்தேன். நான்கு இலை விட்டு, ஓரமெல்லாம் கருகிப்போனது. உப்புக்காற்று ஒரு பக்கம், கரி ஒரு பக்கம். மூன்றாவதாக ஒரு செம்பருத்தியும் போனபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. செடிக்காக மட்டும் அழவில்லை என்று இப்போது தெரிகிறது.

செல்வம் காய்ந்த குச்சியைப் பிடுங்கி எறிந்தார். "இந்தக் காத்துல ரோஜா நிக்காது ஜெசி. எங்க ஊரு கள்ளிய வெச்சிப் பாரு. அது சாவறதுக்கு நாம ரொம்ப மெனக்கெடணும்."

அடுத்த வாரம் நெட்டுக்குப்பம் போனவர் சிமென்ட் சாக்கில் சுற்றி இரண்டு மடல் சப்பாத்திக்கள்ளி கொண்டுவந்தார். ஆற்றோரம் மணல்மேட்டில் வேலி மாதிரி வளர்ந்து கிடக்குமாம். சின்னப் பிள்ளையில் அதன் பழத்தைத் தின்றுவிட்டுச் சிவந்த நாக்கோடு வகுப்புக்குப் போய் அடி வாங்கியதை ஒரு சாதனை மாதிரிச் சொன்னார்.

நான் உடனே தொட்டி தேடினேன். "இப்ப நட்டா அழுவிடும். வெட்டுன வாய் காயட்டும்" என்றார். நிழலில் செய்தித்தாள் விரித்து, பத்து நாள் போட்டுவைத்தோம். வெட்டிய இடம் தோல் மாதிரி மூடிக்கொண்டது. பெயின்ட் வாளி இரண்டில் ஆணியைக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டு, பாதி மணல், கொஞ்சம் செங்கல் தூள், கொஞ்சம் மண் போட்டு, மடலின் கால்பாகம் உள்ளே போகும்படி ஊன்றினோம்.

அப்போதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ரோஜாவுக்கு ஊற்றியது போலக் காலை, மாலை ஊற்றினேன். மூன்றாவது வாரம் ஒரு மடல் அடியில் பழுப்பாகி, தொட்டால் அமுங்கியது. தூக்கினால் சப்பென்று மடிந்து விழுந்தது. நாற்றம் வேறு.

மற்றதை விட்டுவிட்டேன். பயத்தில்தான். வாரம் ஒரு சொம்பு, மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. இரண்டு மாதம் எந்த அசைவும் இல்லை. ஒருநாள் காலையில் மடலின் உச்சியில் கம்மல் அளவுக்கு ஒரு பச்சை மொட்டு. அது பூவில்லை, அடுத்த மடல். அன்றைக்குக் கடையில் வந்த எல்லோரிடமும் அதைச் சொன்னேன்.

முள் இருந்தால் சண்டை

கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரம்மா ராஜேஸ்வரி அக்காவுக்கு அந்தச் செடி பிடிக்கவில்லை.

"இன்னாம்மா இது, போயும் போயும் கள்ளியக் கொணாந்து வெச்சிருக்க? முள்ளுச்செடி வூட்ல இருந்தா சண்ட வரும்."

"சண்டை முன்னாடியே வந்துடுச்சுக்கா. அதுக்கப்புறம்தான் செடி வந்துச்சு" என்றேன்.

அவருக்கு என் கதை தெரியும். "சரி, படிகிட்ட வாணாம். அந்த மூலைல வெச்சிக்கோ" என்று இறங்கிப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலை அதற்கு நிரந்தர இடமானது. அங்கேதான் நாள் முழுக்க வெயில். செடிக்கு அதுவே நல்லதாகப் போயிற்று.

கரி படிந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மடல்களைத் தேய்ப்பேன். பெரிய முள் குத்தினால் உடனே தெரியும், கையை எடுத்துவிடலாம். அதன் அடியில் கொத்துக்கொத்தாக இருக்கிற சுணைதான் மோசம். தொடும்போது வலிக்காது. கால் மணி நேரம் கழித்து எரியத் தொடங்கும். அதற்குள் சேலை, தலையணை என்று எல்லா இடத்துக்கும் போயிருக்கும். அதனால் அந்தச் செடிக்கென்று சமையலறை இடுக்கி ஒன்றைத் தனியாக வைத்திருந்தேன்.

மூன்றாவது வருஷம் மடல்களின்மேல் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் பூச்சி வந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தேன். ரத்தம் மாதிரிச் சிவப்பு. விடாமல் நசுக்கினேன். துணி எடுக்க வந்த ராஜேஸ்வரி அக்கா என் கையைப் பார்த்து, "ஐயோ, கைய அறுத்துகினியா?" என்று கொடியில் கிடந்த துண்டை உருவிக் கட்டவே வந்துவிட்டார். பூச்சிச் சாயம் என்று புரியவைக்கப் பெரும்பாடு. அதன்பிறகு சோப்புத்தண்ணீர், பிரஷ், தினமும் காலை கால் மணி நேரம் என்று ஒரு மாதம் போராடினேன். இரண்டு மடலை வெட்டி எறிய வேண்டியிருந்தது. மீதி பிழைத்தது.

நான்காவது வருஷம் பூத்தது. மஞ்சள் பூ, சாயங்காலத்துக்குள் காவி நிறமாகிவிடும். அதற்கப்புறம் பழம். கேஸ் அடுப்பில் சுட்டுச் சுணையைப் பொசுக்கி, தோலுரித்து, நடுவில் இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்துவிட்டுச் செல்வம் எனக்கு ஊட்டினார். விதைதான் அதிகம். ஆனால் இனிப்பு. இரண்டு பேருக்கும் உதடு சிவந்துபோய், அன்று யார் கதவைத் தட்டினாலும் திறக்க வெட்கமாக இருந்திருக்கும். யாரும் தட்டவில்லை.

வெள்ளைச் சட்டை

அந்த ஞாயிறு எனக்குக் காலை ஷிப்ட். செல்வம் விடியற்காலையிலேயே ஏதோ லாஞ்சு நின்றுவிட்டது என்று காசிமேட்டுக்குப் போயிருந்தார். நான் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது மணி பன்னிரண்டரை இருக்கும். படிக்கட்டில் ராஜேஸ்வரி அக்கா என் தோளைத் தொட்டு, "மேல உங்க அப்பா வந்துகீறாரு. ஒரு மணி நேரமா குந்திகினு கீறாரு" என்றார்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்போடு. மடியில் துணிப்பை. வலது கை பைக்குள் இருந்தது. இளைத்திருந்தார்.

"வாங்கப்பா" என்றேன்.

"இன்னா, ஞாயித்துக்கெழம கூட கடையா?" என்றார். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அறையைத் திறந்து நாற்காலி போட்டேன். உட்கார்ந்தவர் இடது கையால் ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"கண்ணுல பொரை. ரெண்டுலயும். மொதல்ல வலது கண்ண பண்ணலாம்ன்றாங்க. கூட இருக்கறவங்க ஒருத்தர் கையெழுத்து போடணுமாம்."

தாளை வாங்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி ஒப்புதல் படிவம்தான்.

"கையெழுத்துக்குத்தான் வந்தீங்களா?"

"ஆமா" என்றார்.

எனக்குச் சுறுக்கென்றது. பேனா தேடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். இல்லை, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் இந்த மனிதர் என்று நினைத்தேன். ஆனால் அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இடது கையால் வாங்கினார். எனக்கு வினோதமாக இருந்தது. நான் இடது கையால் எதையாவது வாங்கினால் மண்டையில் குட்டுகிறவர் அவர்.

"வலது கைல இன்னாப்பா?"

"ஒண்ணுமில்ல."

பையை விலக்கி அந்தக் கையை வெளியே எடுத்தேன். உள்ளங்கை முழுவதும் தடித்துச் சிவந்திருந்தது. திருப்பிப் பிடித்தால் வெளிச்சத்தில் பொடிப்பொடியாக மின்னியது.

"செடி சாஞ்சிகினு இருந்துச்சு. உழுந்துடப் போவுதேன்னு நிமுத்தி வெச்சேன்" என்றார்.

"கள்ளிப்பா அது. முள்ளு தெரியலயா?"

"பச்சையா தெரிஞ்சுது. செவப்பா பூ மாதிரி இருந்துச்சு. அவ்ளோதான் தெரிஞ்சுது."

வெளியே போய்ப் பார்த்தேன். பழம் ஒரே பக்கமாகக் காய்த்து, வாளியும் ஓரத்தில் விண்டு, பல வாரமாகச் சாய்ந்திருந்த செடி அது. வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், செய்யவில்லை. இப்போது நேராக நின்றது. வாளியின் அடியில் அரைச் செங்கல் ஒன்று ஆப்பு மாதிரிச் செருகப்பட்டிருந்தது. கையில் முள் ஏறிய பிறகும், அது என்ன செடி என்று தெரியாமலே, அப்பா அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உள்ளே வந்து முதலுதவி டப்பாவில் இருந்த சின்ன இடுக்கியையும் டார்ச்சையும் எடுத்தேன்.

இடுக்கியும் பசையும்

ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தண்ணீர்க் கிண்ணத்தில் உதறினேன். பாதி உடைந்து உள்ளேயே நின்றது. அவர் முகம் சுளிக்கவில்லை. டார்ச்சைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கு கதவ சாத்திட்டேன். மறுநாளும் நீ வருவேன்னு நெனச்சேன்."

"வந்திருந்தா தொறந்திருப்பீங்களா?"

யோசித்தார். "மறுநாள் தொறந்திருக்க மாட்டேன். ஒரு மாசம் கழிச்சி வந்திருந்தா தொறந்திருப்பேன்."

"நீங்க வந்திருக்கலாமே."

"ஆமா. வந்திருக்கலாம்." டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். "நாளாவ நாளாவ, இன்னா சொல்லிகினு வர்றதுன்னு தெரியல. கூட வேல செஞ்சவரு பையன் நான் போடறேன் கையெழுத்துன்னான். நான்தான் வாணான்னு சொல்லிட்டேன்."

நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் அவர் பேச்சை நிறுத்தியிருப்பார். சுணை எடுப்பதுபோலவே கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கும் எதுவும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றதால்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. டீசல் வாசனையோடு செல்வம் வாசலில் நின்றார். அப்பா சத்தம் வந்த பக்கம் டார்ச்சைத் தூக்கினார். வெளிச்சம் நேராகச் செல்வத்தின் முகத்தில் அடித்தது.

"செல்வம்ப்பா" என்றேன்.

அப்பா டார்ச்சை இறக்கவில்லை. செல்வமும் நகரவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பார்க்கட்டும் என்று அப்படியே நின்றார். பிறகு, "வாங்க மாமா" என்றார்.

அப்பா டார்ச்சை மட்டும் அணைத்தார்.

செல்வம் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார். உள்ளங்கையைப் பார்த்தார். "இடுக்கில இதுக்கு மேல வராது ஜெசி. ஒடஞ்சி உள்ளயே நின்னுடும். நீ தள்ளு."

ஃபைபர் படகு ரிப்பேர் செய்கிறவர்களுக்குக் கை முழுக்கக் கண்ணாடி நார் ஏறும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் வழி அவருக்குத் தெரியும். மரத்தை ஒட்டும் வெள்ளைப் பசையைக் கொண்டுவந்தார். என் முதலுதவி டப்பாவிலிருந்து கட்டுப் போடும் காஸ் துணியை எடுத்தார். அப்பாவின் கையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, மெல்லிசாகப் பசை தடவி, அதன்மேல் துணியை ஒட்டினார்.

"காய அரைமணி நேரம் ஆவும் மாமா. கைய மூடக் கூடாது."

மூடிவிடாமல் இருக்க, விரல்களைச் செல்வமே பிடித்துக்கொண்டார். மேலே மின்விசிறி ஓடியது. இரண்டு பேரும் எதிரெதிரே, ஒரு கையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. மீனைக் கழுவப் போனேன்.

சமையலறையில் இருந்தபோது அப்பாவின் குரல் கேட்டது.

"காத்தால இன்னா வேல?"

"லாஞ்சு இன்ஜின் மாமா. கேஸ்கெட் போயிடுச்சு."

"ஆயில்ல தண்ணி கலந்துச்சா?"

"ஆமா மாமா. பால் மாதிரி வந்துச்சு."

"அப்ப இன்ஜின் ஹெட்டு வளஞ்சிருக்கும். நேர் சட்டம் வெச்சிப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா. நூலளவு வளைவு கீது."

"அதான். புது கேஸ்கெட் போட்டாலும் நிக்காது."

மீனை மஞ்சள் போட்டு இரண்டாம் தடவையும் கழுவினேன், பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று.

காய்ந்த பசையைச் செல்வம் ஒரே இழுப்பில் உரித்தார். துணியில் நூற்றுக்கணக்கில் சுணை குத்திட்டு நின்றது. இன்னொரு முறை பூசி உரித்தார். "இப்ப மூடித் தொறங்க" என்றார். அப்பா மூடித் திறந்தார். "பரவால்ல" என்றார்.

அன்று அவர் ஸ்பூனால் சாப்பிட்டார். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். செல்வம் ராயபுரம்வரை கூடப் போய் விட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு

யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்பா இன்றுவரை நெட்டுக்குப்பம் வந்ததில்லை. திருவிழாவுக்குக் கூப்பிட்டால், "நீங்க போய்ட்டு வாங்க" என்பார். செல்வத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தம்பி என்பார். மாதா கோயிலில் கல்யாணத்தை ஒருமுறை மந்திரித்துக்கொள்ளலாமே என்று இரண்டு தடவை ஆரம்பித்து, நான் பேசாமல் இருக்கவே விட்டுவிட்டார். எனக்கும் அந்தத் தாழ்ப்பாள் சத்தம் எப்போதாவது காதில் விழத்தான் செய்கிறது.

ஆபரேஷன் அன்று நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தோம். கட்டுப் பிரித்து, சொட்டு மருந்தெல்லாம் முடிந்து, ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிறு பூசை முடித்து வந்தார். அதற்குள் செடியைச் சிமென்ட் தொட்டிக்கு மாற்றியிருந்தோம். செல்வம் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏதோ பம்ப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா நேராகச் செடியிடம் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, மடல் மடலாகப் பார்த்தார். பெரிய முள், சின்ன முள், அதன் அடியில் சுணை. சுற்றிவந்து அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இத்தினி முள்ளா இருந்துச்சு இதுல?"

"ஆமாப்பா."

"அன்னிக்குக் கண்ணு தெரிஞ்சிருந்தா கிட்டயே போயிருக்க மாட்டேன்" என்றார்.

சொல்லிவிட்டு, செல்வத்தின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த பம்ப்பைக் கையில் வாங்கினார்.